புதன்கிழமைக் கட்டம்

படூர்
4.8.2025

திரு. தேசிகன் அவர்களுக்கு,

இத்துடன் எட்டுத் தாள்கள் வைத்திருக்கிறேன். 'இரண்டாம் மணி' முதியோர் மன்றத்தின் வருகைப் பதிவேட்டை ஜெசிந்தா டீச்சர் தினமும் காலை பத்தேகாலுக்குப் படம் எடுத்து, எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவில் போடுவார் அல்லவா, அந்தப் படங்களின் அச்சு. வாரத்துக்கு ஒரு தாள். மே 26 முதல் ஜூலை 17 வரை, சனி ஞாயிறு நீங்கலாக முப்பத்தொன்பது நாட்கள். பதினான்காம் எண்ணுக்கு நேரே அப்பாவின் பெயர். எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து இருக்கிறது.

இவற்றில் எவையெல்லாம் நீங்கள் போட்டவை என்று பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.

நானே கண்டுபிடிக்கப் பார்த்தேன். என் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கடைசி 'ல்' மேல் அவர் அழுத்தி வைக்கும் புள்ளி எல்லாவற்றிலும் இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதாகிற மகளால் தன் அப்பாவின் கையெழுத்தை அடையாளம் காண முடியவில்லை. அது உங்கள் திறமையா, என் லட்சணமா, தெரியவில்லை.

ஜூலை 17, வியாழக்கிழமை மதியம் அப்பாவைக் குளியலறையில் பிணமாகக் கண்டது நீங்கள். அன்று காலை ஒன்பதரைக்கு அவர் மன்றத்துக்கு வந்ததாக ஏடு சொல்கிறது. செவ்வாய் மாலையிலிருந்து புதன் மதியத்துக்குள் உயிர் போயிருக்கும், அதற்கு மேல் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் டீச்சர் குழம்பிப்போய் நின்றபோது, 'நான்தான் போட்டேன்' என்று நீங்களே சொன்னீர்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் டீச்சர் உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். மன்றத்தின் முதல் விதியே அதுதான். அந்த விதியை நம்பித்தான் அப்பாவைத் தனியாக விட்டிருந்தேன். புதன்கிழமைக் கட்டம் காலியாக இல்லை.

அன்று உங்களை மண் போட விடாமல் கேட்டுக்கு வெளியே நிறுத்தியதற்காக நான் வருந்தவில்லை. உங்கள் எண்ணைத் தடை செய்திருக்கிறேன், எடுக்கப்போவதில்லை. உங்கள் குரலைக் கேட்க என்னால் முடியாது. அதனால்தான் கடிதம்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அப்பா தன் கையால் கடைசியாகப் போட்ட கையெழுத்து எது? விளக்கம் எதுவும் வேண்டாம்.

சா. ரூத்

&nbsp;

புதுப்பட்டினம்
9.8.2025

ரூத்துக்கு,

சௌபாக்கியவதி ரூத்துக்குத் தேசிகன் அநேக ஆசீர்வாதம் என்றுதான் எனக்கு ஆரம்பிக்கத் தெரியும். உன் கல்யாணத்துக்கு எழுதியபோதும் அப்படித்தான் எழுதினேன். இப்போது எழுதினால் உனக்குக் கோபம் வரும். விட்டுவிட்டேன்.

தாள்களைக் குறித்திருக்கிறேன். பென்சில் என்றாய். பென்சில் அழியும், ஆகவே பேனாவால் குறித்தேன். முப்பத்தெட்டு என்னுடையவை. ஒன்று அவனுடையது. ஜூன் 12, வியாழக்கிழமை.

அன்று எனக்குக் கண் பரிசோதனை, செங்கல்பட்டு போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவனே மன்றத்துக்கு வந்து போட்டான். அதே தாளில் ஒன்பதாம் எண்ணைப் பார். என் பெயர். நான் ஊரிலேயே இல்லாத நாளில் எனக்கும் கையெழுத்து இருக்கிறது. அதுவும் அவன் கைதான். 'தேசிகன்' என்பதில் முதல் கொம்பு அவனுக்கு எப்போதும் யானைத் தும்பிக்கை மாதிரி வரும். ஆக அந்தத் தாளில் அவன் கை இரண்டு இடத்தில் இருக்கிறது.

நீ கேட்டது இவ்வளவுதான். கவரை ஒட்டியும்விட்டேன். பிறகு பிரித்தேன். விளக்கம் வேண்டாம் என்றாய். வேண்டாமென்றால் இதற்கு மேல் படிக்காதே.

மே 23, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் மன்றத்தில் 'தெரிந்ததைச் சொல்' என்று ஒரு வகுப்பு. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், தனக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். பிரபாவதி அம்மாள் பழைய கவரிலிருந்து தபால்தலையைக் கிழியாமல் எடுக்கக் காட்டினாள். நான் விடுப்பு விதிகளை விளக்கி, பாதிப் பேரைத் தூங்கவைத்தேன். அன்று உன் அப்பாவின் முறை. கிரேன் சிக்னல் சொல்லிக்கொடுத்தான். நாற்பதடி உயரத்தில் கேபினில் இருப்பவனிடம் கீழே நிற்பவன் கையால் பேசும் பாஷை. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. முப்பது பேரும் எழுந்து நின்று சுழற்றினோம். டீ கொண்டுவந்த காசியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். 'இன்னாம்மா இது, எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல சாமி வந்துகினு கீது' என்றாள். அவன் முகத்தை அன்றுபோல் நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு கேள்வி நேரம். பிரபாவதி அம்மாள், 'மேலே தனியா உக்காந்திருக்க பயமா இருக்காதா?' என்று கேட்டாள்.

'அம்பது டன்னு' என்றான்.

சிரித்தோம். தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்தோம். அவனும் சேர்ந்து சிரித்தான். இன்னொருவர், வீட்டில் சண்டை வந்தாலும் கையாலேதான் பேசுவீர்களா என்றார். 'காலைல எட்டு மணிக்கு' என்றான். அதற்கும் சிரிப்பு. யாரோ, 'சாமுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு' என்றார்கள். அது அவனுக்குக் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டான். 'அந்தம்மா இன்னா கேட்டுச்சு?' காதருகே போய்ச் சொன்னேன். தபாலாபீஸ் வரைக்கும் நடந்தோம். 'பயமாத்தான் இருக்கும்னு சொல்லியிருப்பேன்' என்றான்.

அவனுக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகிறது, ரூத். இடது காது சுத்தமாக. வலது காதில் ஏதோ கொஞ்சம். உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று இருந்தான். திங்கட்கிழமை காலை என் வீட்டுக்கு வந்து, 'ரூத்துக்குத் தெரிஞ்சா பதினோராவது மாடிக்கு இட்டுகினு பூடும். நீ எனக்குக் கையெழுத்து போட்டுடு ஐயரே' என்றான். நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். அது அவனுக்குக் காது நன்றாகக் கேட்ட காலத்திலும் கேட்டதில்லை.

அச்சாகப் போட்டது என் திறமையா என்று கேட்டிருந்தாய். எங்கள் இருவருக்கும் வேலை கொடுத்த தொழிற்சாலையின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் தினமும் காலையில் என் முன்னால் போடப்பட்ட கையெழுத்து அது. என்னுடையதைவிட எனக்கு அது பழக்கம்.

காலை வேளைகளில் அவன் எங்கே போனான் என்றும் சொல்லிவிடுகிறேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு. அங்கே போட்டுகளை டிராக்டரில் கட்டி மேட்டுக்கு இழுப்பார்கள். இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் கேட்காது. 'அங்க யாருக்குமே காது கேக்காது ஐயரே. எல்லாரும் கையாலதான் பேசிக்கிறாங்க' என்று சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

தேசிகன்

&nbsp;

படூர்
16.8.2025

தேசிகன் அவர்களுக்கு,

படித்தேன். வேண்டாம் என்று சொன்னவள்தான், ஆனாலும் படித்தேன். காலேஜ் லைப்ரரியில் என் மேஜையில் வைத்துப் படித்துவிட்டு, புத்தகம் கேட்டு வந்தவர்களுக்கு எதை எடுத்துக் கொடுத்தேன் என்றே தெரியவில்லை.

இரண்டு வருஷம். அம்மா இறந்த வருஷத்திலிருந்து. உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எது நல்லது என்று நீங்கள் இரண்டு பேரும் செருப்பு மாட்டும் நேரத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள்.

நான் அவரைச் சிறையில் போடவா கூப்பிட்டேன்? பதினோராவது மாடி என்று என்னவோ மலையுச்சி மாதிரிச் சொல்லியிருக்கிறார். லிப்ட் இருக்கிறது. அவருக்கென்று ஒரு அறை தயாராக இருந்தது. அம்மா இறந்த பிறகு ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றுதான் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். கடைசியில் இந்த ஜனவரியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். தினமும் மன்றத்துக்குப் போக வேண்டும். பத்தேகாலுக்கு எனக்கு அந்தப் படம் வர வேண்டும். வந்தால் அவர் விருப்பப்படி அங்கேயே இருக்கலாம். ஊரில் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். நான் நாற்பது கிலோமீட்டரில் இருந்துகொண்டு பார்த்தேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் அப்பா எதற்கும் 'சரிம்மா' என்றுதான் சொல்வார். 'இந்த ஞாயித்துக்கிழமை வர முடியாதுப்பா, ஸ்டாக் எடுக்கிற வேலை.' 'சரிம்மா.' 'அடுத்த வாரமும் சந்தேகம்தான்.' 'சரிம்மா.' 'சாப்பிட்டீங்களா?' 'சரிம்மா.' அதற்கு நான் சிரித்தேன். ஒருநாள் எனக்கு அலுப்பாக இருந்தது. 'நான் வரலைன்னா உங்களுக்கு ஒண்ணுமில்லையாப்பா?' என்று கேட்டேன். அதற்கும் 'சரிம்மா' என்றார். எனக்குக் கோபம் வந்து மூன்று வாரம் போகவில்லை. இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், அவருக்கு அது எதுவும் கேட்கவே இல்லையென்று. நான் யாரிடம் கோபித்துக்கொண்டேன்?

இதை அப்போதே எனக்குச் சொல்லியிருக்க முடியாதா உங்களால்?

செவ்வாய் மாலையிலிருந்து ஆறு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கல்லறையிலும் சொன்னேன். புதன்கிழமை பதிவேட்டுப் படம் வந்தபிறகுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் படம் வராமல் இருந்திருந்தால் பத்தரைக்கு டீச்சர் அங்கே இருந்திருப்பார். பதினொன்றரைக்கு நான் இருந்திருப்பேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். பக்கத்துத் தெருவில் இருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை அவரைப் பார்த்தீர்களா? புதன்கிழமை ஏன் போகவில்லை? தினமும் இரண்டு வேளை அந்த வீட்டுக்குப் போகிறவர் அன்று மட்டும் ஏன் போகவில்லை?

ரூத்

&nbsp;

புதுப்பட்டினம்
22.8.2025

ரூத்துக்கு,

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். அதை முதலில் திருத்துகிறேன். 'பேட்டரி தீர்ந்துபோச்சு' என்று யாரோ சொன்னதாக எழுதினேன். யாரோ இல்லை. நான்தான். அவன் தமாஷ் பண்ணுகிறான், நானும் பண்ணுவோம் என்று சொன்னேன். அவனுக்குக் காது கேட்காது என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அப்படியும் அந்த நிமிஷம் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. எல்லோரும் சிரித்தால் நமக்கும் சிரிக்கத் தோன்றிவிடுகிறது. நான் சொன்னதற்குத்தான் பெரிய சிரிப்பு வந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை அவன் வந்து கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உனக்கு அந்தக் கதை தெரியும், ஆனால் அவன் சொல்லிக் கேட்டிருப்பாய். 1982 மார்ச் 9. நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தாய். உன் அப்பா அங்கிருந்து பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எட்டே முக்கால். எட்டேகாலுக்குள் வராதவர்கள் பெயருக்கு நேரே மஸ்டரில், அதாவது வருகை ஏட்டில், சிவப்பில் 'ஆ' போட்டுவிட வேண்டும். போட்டாகிவிட்டது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. விதிதான் எனக்குப் பெருமாள். ஜன்னல் வழியே குனிந்து, 'பொண்ணு பொறந்துகீது ஐயரே' என்றான். 'சந்தோஷம். ஆப்சென்ட் போட்டாச்சு' என்றேன்.

நாற்பத்து மூன்று வருஷம் இதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினான். என் பெண் கல்யாணப் பந்தியில், என் சம்பந்தி முன்னால் சொன்னான். 'எம் பொண்ணு பொறந்த அன்னிக்கு எனக்கு ஆப்சென்ட் போட்ட ஆளு சார் இவரு. எனக்கு ஒரு பிரசென்ட் பாக்கி வெச்சிகினு கீறாரு.' முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒருவனுக்கும் நான் பொய்யாக ஒரு கையெழுத்து ஏற்றியதில்லை. ரிடையரான பிறகு, அவன் ஒருவனுக்கு முப்பத்தெட்டு போட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. காலையில் டீச்சர் என்னிடம், சாம் சாரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்றே என்றாள். கேரம் அறையில் இருக்கிறான் என்றேன். ஏழு வாரமாக எனக்கு அது வாயில் தயாராக இருந்தது. அன்று என்னவோ எனக்கே அருவருப்பாகப் போய்விட்டது. மத்தியானம் அவன் கடற்கரையிலிருந்து வரும்வரை அவன் வீட்டுக் கேட்டில் நின்றேன். காதுக்கு மெஷின் வாங்கிக்கொள், ரூத்திடம் நீயே சொல்லிவிடு, நாளையிலிருந்து நான் போடமாட்டேன் என்றேன். அவனுக்குக் கேட்க வேண்டுமென்று கத்தித்தான் சொன்னேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தன் செவிட்டைத் தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன் என்று அவனுக்கு ஆகிவிட்டது.

'போடாதே போ. ஆப்சென்ட் போடு. உனக்கு அதானே நல்லா வரும்' என்றான். கையை நீட்டிக் கவிழ்த்து வீசினான். நிறுத்து என்ற சிக்னல். உள்ளே போய்விட்டான். அதுதான் கடைசி.

புதன்கிழமை நான் மன்றத்துக்குப் போனேன். என் பெயருக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பதினான்காம் கட்டம் காலியாக இருந்தது, ரூத். ஐந்து நிமிஷம் இருந்திருக்கும். உள்ளே ஆங்கிலப் பேப்பர் படிக்கிற வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. டீச்சர் பத்தேகாலுக்கு அந்தக் கட்டத்தைப் பார்ப்பாள், வீட்டுக்குப் போவாள், அவன் சதுரங்கப்பட்டினத்தில் இருப்பான், பூட்டைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போடுவாள், சாயங்காலம் நீ காரோடு வந்து நிற்பாய் என்று நினைத்தேன். நான் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். எழுந்து போனேன். பேனா நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டேன். அவனோடு சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் போட்டேன். அன்று அந்தப் புள்ளியைக்கூட கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

வீட்டுக்கு ஏன் போகவில்லை என்றால், ரோஷம். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவனாக வரட்டும் என்று இருந்தேன். வியாழக்கிழமையும் போட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. பதினொன்றரைக்குப் பிளாஸ்கில் காபியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் இரண்டு நாள் பேப்பர் கிடந்தது. இரண்டையும் பொறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்டினேன். செவிடன் வீட்டுக் கதவை எவ்வளவு நேரம் தட்டினேன் என்று பார்.

என் கோபத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால்.

நான் இப்போது மன்றத்துக்குப் போவதில்லை.

தேசிகன்

&nbsp;

படூர்
7.9.2025

தேசிகன் அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எல்லாமே உங்களைத் திட்டி எழுதியவை. நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது.

நேற்று சதுரங்கப்பட்டினம் போனேன். புதுப்பட்டினத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், உங்கள் தெரு முனையில் காரை நிறுத்தாமல் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டச்சுக் கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். வேண்டா என்ற பெயருள்ள ஒரு அம்மா மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் படத்தைப் போனில் காட்டினேன். 'சிக்னல் நைனா' என்றார். 'இன்னா, ஒடம்பு சரியில்லியா? ரெண்டு மாசமா ஆளே காணோம்.' சொன்னேன். அவர் கூடையை விட்டு எழுந்துவிட்டார். பிறகு, 'ஒரு நாளு போட்டு சாஞ்சுகினு வந்துச்சு. எவனும் பாக்கல. அதான் பாத்து கைய காட்டி நிறுத்திச்சு. இல்லன்னா எம் புருசன் காலு போயிருக்கும்' என்றார். நான் யார் என்று கேட்டார். மகள் என்றேன். 'படூர்ல கீற பொண்ணா? உன்னப் பத்தி சொல்லும். பெரிய காலேஜில எல்லா புஸ்தகமும் உங்கிட்டதான் இருக்குதாமே' என்றார். அப்பாவுக்குக் காது கேட்காது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்போது ஒரு போட்டை மேலே இழுத்தார்கள். அது மேட்டில் ஏறி நின்றதும், கீழே நின்ற ஒருவர் டிராக்டர் ஓட்டுகிறவரைப் பார்த்து இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். அது என்ன என்று கேட்டேன். நைனா சொல்லிக்கொடுத்தது என்றார்கள். இருப்பது அப்படியே இருக்கட்டும், எதையும் தொடாதே, அசைக்காதே என்று அர்த்தமாம்.

அங்கிள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் காரை எடுக்கும்போதெல்லாம் அப்பா கேட்டில் அப்படித்தான் நிற்பார். கையசைக்க மாட்டார். கைகளைக் கோத்துக்கொண்டு, நான் திரும்பும்வரை நிற்பார். எனக்காக ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு எனக்குள்ளே ஒரு ஆமென் சொல்லிக்கொண்டு கியரை மாற்றுவேன். அவர் என்ன சொன்னார் என்று இப்போதுதான் தெரிகிறது. ஜெபமாகவும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது நான் வந்து நின்றுவிடுகிற அந்த இடத்தை எழுதுகிறேன்.

ஆறு முறை போன் செய்தேன் என்று உங்களுக்கு எழுதினேன். கல்லறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருமுறைகூடச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை செய்யவில்லை. புதன்கிழமை செய்யவில்லை. படம் வந்தது, கையெழுத்தைப் பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அதற்கு முந்தைய வாரங்களிலும் அப்படித்தான். அந்தப் படம் வர ஆரம்பித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவிர நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. நாற்பது கிலோமீட்டரும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிப்போனது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இது உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டது அப்பாவின் போனிலிருந்து. அதைக் கையில் எடுத்தபோது என்னிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்றுகூட அதில் இல்லை என்று பார்த்திருப்பீர்கள். நான் ஆறு முறை என்று சொல்லி அழுதபோது நீங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டு கடிதங்கள் எழுதினீர்கள். ஒரு வரிகூட அதைப் பற்றி எழுதவில்லை. எனக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. என்னையும்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்.

நீங்கள் மன்றத்துக்குப் போக வேண்டும். போய் அந்தப் பதிவேட்டை எடுத்து, அப்பா வராத நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போடுங்கள். அவர் ஏழு வாரம் அங்கே இல்லை. கடற்கரையில் இருந்தார். அந்த ஏடு அவர் மன்றத்தில் இருந்ததாகப் பொய் சொல்லிக்கொண்டே இருப்பது எனக்குத் தாங்கவில்லை. டீச்சரிடம் பேசிவிட்டேன். அவர் சம்மதித்தார். அவரே போடுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அது உங்கள் கையால்தான் வர வேண்டும். அப்பாவும் உங்களிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுதுங்கள்.

ரூத்

&nbsp;

புதுப்பட்டினம்
15.9.2025

சௌபாக்கியவதி ரூத்துக்குத் தேசிகன் அநேக ஆசீர்வாதம்.

இன்று காலை போனேன். ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன், யாரும் வருவதற்கு முன்னால். காசியம்மாள் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, 'வந்துட்டியா சாமி, டீயில சக்கர போடவா வேணாமா?' என்றாள். இரண்டு மாதம் வராததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் வந்து பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அங்கே இப்போது பேனாவைக் கட்டித் தொங்கவிடுவதில்லை. டீச்சர் ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துத் தானே குறித்துக்கொள்கிறாள். பிள்ளைகளுக்குப் படம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள். கூப்பிட்டுப் பேசிக்கொள்ளட்டும் என்கிறாளாம். வராதவர்கள் வீட்டுக்குப் பத்து மணிக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டும் என்றாள். சைக்கிள் இருக்கிறது என்றேன்.

பழைய சிவப்பு மைப் பேனா ஒன்று டைம் ஆபீஸ் நாளிலிருந்து என் பெட்டியில் கிடந்தது. கழுவி மை போட்டு எடுத்துப்போனேன். மே 26இல் ஆரம்பித்தேன். கையெழுத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஆ'. நீ பிறந்த அன்று போட்ட அதே எழுத்து.

ஜூன் 12க்கு வந்தபோது நின்றேன். அன்று அவன் வந்திருந்தான். அதைத் தொடவில்லை. ஒன்பதாம் எண்ணில் எனக்கு ஆப்சென்ட் போட்டுக்கொண்டேன். அவன் போட்ட கொம்பின் மேல் கோடு விழாமல் பார்த்துப் போட்டேன்.

பிறகு ஜூலை. பதினான்கு, பதினைந்து போட்டேன். பதினாறை விட்டுவிட்டுப் பதினேழைப் போட்டேன். அன்று அவன் இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் பார்த்தேன்.

புதன்கிழமைக் கட்டம் மிஞ்சியது. மன்றத்துக்கு அவன் வரவில்லை. ஆப்சென்ட் என்று எழுத விதிப்படி அது போதும். ஆனால் ஒன்பதரை மணிக்கு, நான் அந்தக் கட்டத்தை ஐந்து நிமிஷம் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது அவன் இருந்தானா, இல்லையா? டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நான் மஸ்டரில் ஏற்றியதில்லை. பேனாவை மூடிவிட்டேன். என் கையால் எழுதின அவன் பெயர் அந்த ஒரு கட்டத்தில் அப்படியே இருக்கிறது.

டீச்சர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அவள் வந்து பார்த்துக்கொள்வாள் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா, காரில் வருகிறாயா, எழுது. காரில் வந்தால் நேராக அவன் வீட்டுக் கேட்டுக்கு வா. நான் அங்கே நிற்கிறேன்.

தேசிகன்